கூட்டத்துக்கு நாள் குறித்தல்: இலவச இணையக் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவில், மாணவர்களும் வளர்ச்சித் துறை அலுவலர்களும் கூடிய அரங்கில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வளர்ச்சித் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது நிதி ஒதுக்கீடு, இலக்கு, சாதனை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது நம் வழக்கம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக நடைபெற வேண்டிய ஒரு செயல் உண்டு. அதுதான், சம்பந்தப்பட்டவர்கள் ஓரிடத்தில் கூடுவதற்கு நாளும் நேரமும் குறிப்பது. ஏரிப் பாசனக் குழுவாயினும், மகளிர் சுயஉதவிக் குழுவாயினும், பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமாயினும், கூட்டம் கூடாவிடில் தீர்மானம் இல்லை. தீர்மானம் இல்லாவிடில் பணியும் இல்லை.

இந்த வேலையை எளிதாக்குவதற்கென்று இன்று இணையத்தில் இலவசக் கருவிகள் பல கிடைக்கின்றன. அமைப்பாளர் சில நாள்களையும் நேரங்களையும் முன்வைக்கிறார்; உறுப்பினர்கள் தமக்கு ஏற்றவற்றைக் குறிக்கிறார்கள்; பெரும்பாலோருக்குப் பொருந்தும் நேரம் தெரிந்துவிடுகிறது. பொருள் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நாளைக் குறிப்பது என்பது, அன்று யார் வர இயலாது என்பதையும் சேர்த்தே குறிப்பதாகும். ஆகவே இக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பதில் பொருளாதாரமும் இருக்கிறது, நீதியும் இருக்கிறது என்பதே இன்று நான் வலியுறுத்த விரும்பும் கருத்து.

காலம் சிதறிய ஊர்கள்

இக்கருத்தை விளக்க நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. பாலாற்றின் மேல் அமைந்துள்ள பேத்தமங்களா ஏரியிலிருந்துதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தங்கவயலுக்குக் குடிநீர் சென்றது. அந்நாளில் தங்கவயல் மக்களின் பொழுதைச் சுரங்கத்தின் ஷிப்ட் முறையே வகுத்தது. யார் எப்பொழுது வேலையில் இருப்பார், எப்பொழுது வீட்டில் இருப்பார் என்பது தெருவுக்கே தெரியும். சங்கக் கூட்டமாயினும், கோயில் திருவிழாக் கூட்டமாயினும், நாள் குறிப்பது கடினமன்று.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றிலிருந்து மக்களின் வருவாய் மட்டுமன்றி, அவர்களது காலமும் சிதறியது. ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் பெங்களூருக்குச் சென்று, இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள்.

சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நிலைமை இதுவே. கறவை மாடு வைத்திருப்போர் காலையும் மாலையும் சங்கத்தில் பால் ஊற்றியாக வேண்டும். பட்டுப்புழு வளர்ப்போர், புழு கடைசிப் பருவத்தில் இருக்கும் நாள்களில், தழை போடுவதை விட்டு அகல முடியாது. தக்காளி பயிரிடுவோர் அறுவடைக் காலத்தில் கோலார் சந்தைக்குப் போக வேண்டும். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் உழவர் கிணற்றடியில் இருந்தாக வேண்டும். ஒரே தெருவில் வாழ்வோர்க்கும் ஒரே நேரம் இல்லை என்பதே இன்றைய நிலைமை. இந்நிலையில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு முறை வேண்டியிருக்கிறது.

கூடுவதற்கு ஆகும் செலவு

பொருளாதார மாணவர்கள் இதை ஒருங்கிணைப்புச் செலவு என்று கூறுவார்கள். 12 உறுப்பினர்கள் கொண்ட ஒரு குழுவில் ஒவ்வொருவரும் மற்ற அனைவரிடமும் பேசி நேரத்தை முடிவு செய்வதாயின், 66 உரையாடல்கள் தேவைப்படும். செயலாளர் ஒருவரே எல்லோரையும் கேட்பதாயின் 11 உரையாடல்கள் போதும். ஆனால் பதினோராவது நபர் மறுத்துவிட்டால், மீண்டும் முதலாமவரிடம் தொடங்க வேண்டும். எல்லா வாய்ப்புகளையும் ஒரே அட்டவணையில் எழுதி எல்லோர் முன்னும் வைத்துவிட்டால் ஒரு சுற்றிலேயே வேலை முடிகிறது. இணையக் கருவிகள் செய்யும் உதவி இவ்வளவுதான். ஆனால் இது சிறிய உதவியன்று.

பழைய முறைகளிலும் செலவு இருந்தது. அதைச் செலுத்தியவர்கள் வேறு. ஊர்க் கூட்டத்தைத் தண்டோரா போட்டு அறிவித்த காலத்தில், ஊருக்கு அது ஏறக்குறைய இலவசச் சேவை. பறையைத் தோளில் மாட்டித் தெருத்தெருவாக நடந்த, ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவருக்கோ அது கூலி குறைந்த, மதிப்பும் மறுக்கப்பட்ட உழைப்பு. தமிழ்நாட்டில் இவ்வழக்கம் தொடர வேண்டியதில்லை என்று 2022 ஆகஸ்டு மாதம் மாநிலத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. இலவசம் என்று ஒன்றைச் சொல்லும்போது, அதன் விலையை யார் செலுத்துகிறார்கள் என்று கேட்பது பொருளாதாரம் பயின்றோரின் கடமையாகும்.

கருவிகள் இயங்கும் விதம்

இவ்வகைக் கருவிகளுள் பரவலாக அறியப்பட்டது, 2003ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் தோன்றிய டூடுல். பிரான்ஸ் நாட்டில் ஃப்ராமாசாஃப்ட் என்னும் லாப நோக்கற்ற சங்கம் ஃப்ராமாடேட் என்னும் கருவியை விளம்பரமின்றி நடத்தி வருகிறது. ரேலி என்பது மூல நிரல் திறந்து வைக்கப்பட்ட மற்றொரு கருவி. விரும்பும் நிறுவனம் அதனைத் தன் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். வென்டுமீட் என்பது வாரத்தின் மணி நேரங்களைக் கட்டங்களாகக் காட்டுகிறது. ஓய்வாக உள்ள நேரங்களை வண்ணம் தீட்டுவதுபோல் குறிக்க வேண்டும். நம் ஊர்களில் மிகப் பலரது கைப்பேசியில் உள்ள வாட்ஸ்அப் செயலியிலும் 2022 நவம்பர் முதல் கருத்தறியும் வசதி உள்ளது. ஒரு வினாவுக்கு 12 விடைகள் வரை கொடுக்கலாம். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளையும் குறிக்கலாம்.

இவை அனைத்துக்கும் அடிப்படை, ஒப்புதல் வாக்கு எனப்படும் முறையாகும். ஒருவர் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்காமல், தமக்கு ஒத்துவரும் அனைத்தையும் குறிக்கிறார். 1978இல் பிராம்ஸ், ஃபிஷ்பர்ன் ஆகிய இரு அறிஞர்கள் இம்முறையை முறைப்படி ஆராய்ந்து எழுதினார்கள். ஒரே ஒரு வாக்கு என்ற முறையில் வாக்குகள் பல நாள்களுக்கிடையே பிரிந்து, சிலருக்கு மட்டுமே ஏற்ற நாள் வெற்றி பெற்றுவிடலாம். ஒப்புதல் முறையில் அந்த ஆபத்து குறைகிறது. ஆகவே எந்தக் கருவியைக் கையாண்டாலும், பல விடைகளைக் குறிக்கும் வசதி திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை சொல்லாதவை

இனி, இம்முறையின் எல்லைகளையும் காண்போம். 211 நாடுகளைச் சேர்ந்த சுமார் 15 லட்சம் டூடுல் வாக்கெடுப்புகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2013இல் வெளிவந்தது. கூட்டு வாழ்வுக்கு முதன்மை தரும் சமுதாயங்களில் மக்கள் விரைவாக விடையளிக்கிறார்கள், குறைவான நேரங்களையே குறிக்கிறார்கள், எனினும் அவர்களிடையே உடன்பாடு மிகுதியாக ஏற்படுகிறது என்பது அதன் முடிவு. 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பிறர் குறித்தவை கண்ணுக்குத் தெரியும் வாக்கெடுப்புகளையும் தெரியாதவற்றையும் ஒப்பிட்டது. பிறருடைய விடைகள் தெரியும்போது, ஏற்கெனவே பலர் குறித்த நேரங்களுக்கும், எவரும் விரும்பாத நேரங்களுக்கும் கூடுதலாகக் குறியிடப்படுவதை அது கண்டது. எப்படியும் தேர்வாகாது என்று தெரிந்த நேரத்துக்குச் சம்மதம் தெரிவித்து, தம்மை ஒத்துழைப்பவராகக் காட்டிக்கொள்ளும் மனநிலையே பின்னதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

நம் ஊர்களில் இதற்கு வேறொரு முகமும் உண்டு. குழுத் தலைவர் முதலில் ஒரு நாளைக் குறித்துவிட்டால், அந்த நாள் தமக்கு ஒத்துவராது என்று சொல்லக் கூலித் தொழிலாளி தயங்குவார், மருமகளும் தயங்குவார். ஆகவே, தலைவராக உள்ளவர் கடைசியில் குறிப்பது நல்ல மரபாகும். அல்லது, பிறர் விடைகளை மறைத்து வைக்கும் வசதி உள்ள கருவியைப் பயன்படுத்தலாம்.

எண்ணிக்கை சொல்லாத மற்றொன்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஏரிப் பாசனக் குழு ஒன்றில் 12 பேர் இருப்பதாகக் கொள்வோம். 9 பேரின் நிலம் மதகுக்கு அருகில். 3 பேரின் நிலம் கடைமடையில். ஞாயிறு காலை 11 மணிக்கு 9 பேர் சம்மதிக்கிறார்கள். அந்த 9 பேரும் மதகுப் பக்கத்தவர். சனிக்கிழமை மாலை 7 மணிக்கு 8 பேர் சம்மதிக்கிறார்கள். அவர்களுள் 5 பேர் மதகுப் பக்கத்தவர், 3 பேர் கடைமடையினர். கருவி ஞாயிற்றுக்கிழமையையே முதலிடத்தில் காட்டும். கருவிக்குத் தெரிந்தது கூட்டல் மட்டுமே. ஆனால் அன்றைய பொருள் மதகைத் திறக்கும் முறைவரிசை என்றால், கடைமடையினர் ஒருவர்கூட இல்லாமல் எடுக்கப்படும் தீர்மானம் யாருக்கு நீரைத் தரும்? ஒரு வாக்கு குறைவாயினும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பதே முறையாகும்.

பொதுவளங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீடித்து நிலைத்த பாசன அமைப்புகளில் ஒரு பண்பைக் கண்டார். விதிகளால் பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் அவ்விதிகளை மாற்றுவதில் பங்கேற்க முடிகிறது என்பதே அது. அப்பங்கேற்பு கூட்டத்தின் வாசலில் தொடங்குவதில்லை; நாள் குறிப்பதிலேயே தொடங்கிவிடுகிறது.

இலவசம் யாருக்கு?

இணையக் கருவி இலவசம் என்பதன் பொருளையும் ஆராய வேண்டும். சில கருவிகளின் செலவை விளம்பரம் ஏற்கிறது. சிலவற்றின் செலவைக் கட்டணம் செலுத்தும் பிற வாடிக்கையாளர் ஏற்கிறார்கள். அங்கே இலவசப் பிரிவின் வசதிகள் எந்நாளும் குறைக்கப்படலாம். சிலவற்றின் செலவை நன்கொடையாளர் ஏற்கிறார்கள். இவற்றுள் எதுவும் குற்றமன்று. எது என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது, தகவல். உறுப்பினரின் பெயர், மின்னஞ்சல், அவர் எந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார் என்பது ஆகியவை அனைத்தும் தனிப்பட்ட தகவல்களே. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் தகவல் திரட்டலாகாது என்ற நெறியை வலியுறுத்துகிறது. அரசு அலுவலர்களுக்கு மற்றொரு கடமையும் உண்டு. உள்ளகத் தன்மையும் மறைவுத் தன்மையும் கொண்ட அரசுத் தகவல்களை அரசு சாராத இணையச் சேமிப்பகங்களில் வைக்கலாகாது என்று தேசியத் தகவலியல் மையத்தின் 2022 ஜூன் மாத வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. தேதியைக் கேட்பதற்கு விவாதப் பொருளை விரிவாக எழுத வேண்டிய தேவையில்லை. "துறைக் கூட்டம்" என்று தலைப்பிட்டால் போதும். கோப்பின் விவரங்களை அங்கே பதியலாகாது.

மூன்றாவதாக வருவது கைப்பேசி இல்லாதவர் செலுத்தும் விலை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2019-21இல் நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 54 விழுக்காட்டினரே தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்தார்கள். இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியிருந்தவர்கள் 33 விழுக்காட்டினரே. அதன் பிறகு நிலைமை முன்னேறியிருக்கலாம். ஆயினும் ஒரு மகளிர் குழுவின் நாளை இணையத்தில் மட்டும் முடிவு செய்தால், கணவரின் அல்லது மகனின் கைப்பேசியில் அந்த வினா வந்து, அவர்களே விடையளித்துவிடும் வாய்ப்பு இருக்கிறது.

தேர்வுக்கு ஆறு கேள்விகள்

ஆகவே ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் ஆறு கேள்விகளைக் கேட்டுப் பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, விடையளிப்பவர் கணக்குத் தொடங்க வேண்டுமா? வேண்டும் என்றால் பாதிப்பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அமைப்பாளர் மட்டும் பதிவு செய்தால் போதும் என்ற கருவி மேலானது.

இரண்டாவது, வினாவை உறுப்பினரின் மொழியில் எழுத முடியுமா? இப்பகுதியில் கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்றும் வழங்குகின்றன. கருவியின் பொத்தான்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், நாளும் நேரமும் தாய்மொழியில் இருந்தால் குழப்பம் குறையும். "காலை", "மாலை" என்று தெளிவாக எழுத வேண்டும்.

மூன்றாவது, "ஆம்", "இல்லை" என்ற இரண்டுக்கும் இடையே "தேவையானால் வருகிறேன்" என்ற விடைக்கு இடம் உண்டா? டூடுல், ஃப்ராமாடேட், ரேலி ஆகியவற்றில் உண்டு. ஒருநாள் கூலியை இழந்து வருபவருக்கும், ஓய்வாக இருப்பவருக்கும் உள்ள வேறுபாடு இந்த மூன்றாவது விடையில்தான் வெளிப்படும்.

நான்காவது, கைப்பேசி இல்லாதவருக்காகச் செயலாளர் பதிவு செய்ய முடியுமா? பெயரைத் தட்டச்சு செய்து விடையளிக்கும் கருவிகளில் இது இயலும். வாட்ஸ்அப்பில் ஒரு கணக்குக்கு ஒரு விடைத்தொகுதி மட்டுமே. அங்கே செயலாளர் மற்றவர்களின் விடைகளைத் தனியே ஏட்டில் எழுதிக் கூட்ட வேண்டும். பிறருக்காகப் பதியும் வசதியில் ஒருவர் விடையை மற்றவர் மாற்றும் ஆபத்தும் உண்டு. ஃப்ராமாடேட்டில் யார் யார் திருத்தலாம் என்பதை அமைப்பாளர் வரையறுக்க முடியும்.

ஐந்தாவது, சிறிய திரையில் படிக்க முடிகிறதா? கட்டங்களை இழுத்து நிரப்பும் கருவிகள் கணினியில் மிக எளியவை; விரல் தடித்த உழைப்பாளியின் கைப்பேசியில் அவை அவ்வளவு எளியவை அல்ல.

ஆறாவது, வேலை முடிந்தபின் பதிவை அழிக்க முடியுமா? குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தானே அழித்துவிடும் கருவிகளும் உள்ளன. கூட்டம் முடிந்த பிறகும் உறுப்பினரின் நேரக் கணக்கு எங்கோ ஒரு கணினியில் கிடக்க வேண்டிய தேவையில்லை.

எந்தக் குழுவுக்கு எது?

இக்கேள்விகளைக் கொண்டு பார்த்தால், எல்லாக் குழுக்களுக்கும் ஒரே விடை இல்லை என்பது புலனாகும். ஏரிக் குழு, மகளிர் குழு போன்ற ஊர்க் குழுக்களுக்குப் புதிய கருவி தேட வேண்டியதில்லை. உறுப்பினர்கள் ஏற்கெனவே இருக்கும் வாட்ஸ்அப் குழுவே போதும். ஆனால் அதனுடன் செயலாளரின் ஏடும் சேர வேண்டும். கைப்பேசி இல்லாதவரை நேரில் கேட்டு எழுதிய பிறகே எண்ணிக்கையை முடிக்க வேண்டும். பல கல்லூரிகளைச் சேர்ந்த மாணவர்கள் கூடுவதற்கு ஃப்ராமாடேட், ரேலி போன்ற கருவிகள் ஏற்றவை. ஒரே வாரத்துக்குள் பொதுவான மணி நேரத்தைத் தேடுவோர்க்கு வென்டுமீட் உதவும். பல துறைகள் கூடும் அலுவலகக் கூட்டங்களுக்கு, துறையே தன் கணினியில் நிறுவிக்கொண்ட திறந்த நிரல் கருவியே பாதுகாப்பானது. வெளிநாடுகளில் வாழும் தங்கவயல் அன்பர்களோடு இணையவழிக் கூட்டம் நடத்துவோர், நேர வேறுபாட்டைத் தானே கணக்கிடும் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் நேரத்தில் உள்ள அரை மணி வேறுபாடு பலரைக் குழப்பக்கூடியது.

எக்கருவியாயினும் சில நடைமுறைகள் பொதுவானவை. நான்கைந்து நேரங்களுக்கு மேல் முன்வைக்கலாகாது. அவற்றுள் ஒன்றேனும் மாலைப் பொழுதாகவும், ஒன்றேனும் ரயிலில் செல்வோர்க்கு ஏற்ற விடுமுறை நாளாகவும் இருக்கட்டும். விடையளிக்கக் கடைசி நாளை அறிவிக்க வேண்டும். முடிவை இணையத்தில் மட்டுமன்றி, பால் சங்கத்தின் சுவரிலும் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையிலும் எழுத வேண்டும். விடையளிக்காதவரைச் சம்மதித்தவராகக் கொள்ளலாகாது. ஒருமுறை வர இயலாமற் போனவருக்கு அடுத்த முறை முன்னுரிமை தர வேண்டும். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் எப்போதும் விடுபடுகிறவர் யார் என்பது தெரிந்துவிடும்.

நிலையான நாளின் வலிமை

இறுதியாக ஒன்று. வாக்கெடுப்பே தேவைப்படாத கூட்டமும் உண்டு. தமிழ்நாட்டில் கிராம சபைகள் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்தநாள் ஆகிய நாள்களில் கூடி வந்தன. 2022 முதல் உலக நீர் நாளான மார்ச் 22ஆம் நாளும், உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1ஆம் நாளும் சேர்க்கப்பட்டன. நாள் முன்கூட்டியே தெரிந்திருப்பதால் குடிமக்கள் தம் வேலையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். நாளை மாற்றிவிட்டு மக்களைத் தவிர்ப்பதும் எளிதன்று. மாதந்தோறும் கூடும் குழு, ஆண்டுக்கு ஒருமுறை நன்றாக வாக்கெடுத்து ஒரு நிலையான கிழமையை முடிவு செய்துகொண்டால், எஞ்சிய மாதங்களில் கருவியே வேண்டியதில்லை.

பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாக வகுத்துள்ளன. ஓலையை எடுப்பதற்குமுன், இளையோரும் முதியோரும் உட்பட மகாசபை நிறையக் கூடியிருக்க வேண்டும் என்பதையும் அவை விதிக்கின்றன. தேர்தல் முறையைப் பற்றிப் பெருமையுடன் பேசும் நாம், அதற்கு முன்னுள்ள இந்த விதியையும் மறக்கலாகாது.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை அலுவலர்களாகவும் குழுத் தலைவர்களாகவும் வருவீர்கள். கருவிகள் மாறும், இன்றைய இலவசம் நாளை கட்டணமாகலாம். மாறாத அளவுகோல் ஒன்றை உங்களிடம் விட்டுச் செல்கிறேன். கூட்டத்துக்கு வருவதற்கு மிக அதிக விலை கொடுக்கும் உறுப்பினர் யார் என்று முதலில் கண்டறியுங்கள். அவரால் எளிதில் விடையளிக்க முடிகிற கருவியே உங்கள் குழுவுக்கு நல்ல கருவி. அவர் வர முடிகிற நாளே நல்ல நாள்.